ஆடியில் வாங்கிய லேப்டாப்

ஆடி 12, திங்கள்

விடியும் முன்பே மழை. நேற்றுத் துவைத்தது இன்னும் சமையலறைக் கொடியில். ஆடிப்பூரம். கோயிலில் அம்மனுக்கு வளையல் சாத்திவிட்டு வந்து, உடை மாற்றுவதற்குள் பேச்சை எடுத்துவிட்டேன்.

இருந்தவர்கள்: நான். அவர் (ஹார்பர் டியூட்டி மதியத்துக்கு மேல்தான்). மகள் தாரணி, மழையால் கல்லூரிக்கு மட்டம். அவர் தங்கை பூங்கொடி, அழைக்காமல். படத்தில் முருகன். வேறு யாரும் இல்லை. பூனை பாதியில் எழுந்து போய்விட்டது.

விஷயம்: லேப்டாப். இனி இதில் லே. என்றால் அதுதான்.

காரணத்தையும் எழுதி வைக்கிறேன். பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் கணக்கு எழுதுபவர் இந்தத் தீவை விட்டு ஊரோடு திரும்பிப் போகிறார். கோயில் திருவிழாக் கணக்கை நான் எழுதுவதை அண்ணாச்சி பார்த்திருக்கிறார். போன வெள்ளி பிரகாரத்தில் நிறுத்திக் கேட்டார்.

"ஏம்மா மல்லிகா, கடைக் கணக்கு எளுதுதியா? வீட்ல இருந்தே பாக்கலாம். ஆனா சொந்தமா கம்ப்யூட்டர் இருக்கணும். மெட்ராஸ்ல நம்ம ஆடிட்டரம்மா வீடியோவுல பேசி, சரின்னு சொல்லணும். சொல்லிட்டா ஆவணி ஒண்ணுல ஆரம்பிச்சிரலாம்."

சரி என்று சொல்லிவிட்டேன். வீட்டில் கேட்காமல் நான் சொன்ன முதல் சரி.

கையிருப்பு: பிளவுஸ் தைத்த பணம் பதினெட்டாயிரம். அதற்குள் முடிக்க வேண்டும். கடன் இல்லை. தவணை இல்லை. செயினை அடகு வைக்கிற பேச்சை அவர் எடுத்தார், அதுவும் இல்லை.

பூங்கொடி: "ஆடி மாசத்துல புதுசு வாங்குவாகளா மதினி?"

"புதுசு யாரு வாங்குறா? பழசுதான் வாங்கப் போறேன்."

அவர் டீயைச் சிந்திச் சிரித்தார். பூங்கொடிக்கு முகம் சுருங்கிவிட்டது. விடவில்லை. "பன்னெண்டாப்பு படிச்சவகளுக்கு லேப்டாப் எதுக்கு?"

"பத்தாப்பு. சரியாச் சொல்லு."

படித்தது பத்து. கற்றுக்கொண்டது அதற்கு மேல். சோறு வேகும் நேரத்தில் போனில் வீடியோ பார்த்து, அந்தச் சின்னத் திரையிலேயே கட்டம் கட்டமாகக் கணக்குப் போட்டுப் பழகியிருக்கிறேன். விரல் பெரிது, கட்டம் சிறிது. அதிலேயே வந்தது என்றால் பெரிய திரையில் வராதா?

பூங்கொடி போகும்போது தேங்காய் இரண்டு எடுத்துக்கொண்டு போனாள்.

ஆடி 13, செவ்வாய்

மழை. கப்பல் வரவில்லையாம், வெங்காயம் ஏறிவிட்டது. சாம்பாருக்குப் பூசணிக்காய்.

பார்க்க வேண்டியவை. தாரணி ஆங்கிலத்தில் படித்துச் சொன்னதும், நான் வீடியோக்களில் கேட்டதும்:

பளபளப்பைப் பார்க்கக் கூடாது. ஆபீஸ்களுக்கென்று செய்த தடித்த கறுப்பு லே. நல்லது, நெடுநாள் உழைக்கும்.
எட்டாம் தலைமுறை சிப்புக்குக் கீழே வேண்டாம். புது விண்டோஸ் ஏறாது.
மெமரி எட்டு ஜிபி. எஸ்.எஸ்.டி. கட்டாயம்.
எல்லா எழுத்தும் ஒருமுறை அடித்துப் பார்க்க. எண்கள் இரண்டு முறை.
மூடி திறக்கும் கீல் ஆடுகிறதா.
கேமரா, மைக், ஸ்பீக்கர்.
வாங்கிய பில். பில் இல்லாத பொருளை வீட்டுக்குள் விடுவதில்லை.
துவாரங்களில் டார்ச் அடித்துப் பார்க்க. (இதை எந்த வீடியோவும் சொல்லவில்லை. நம் ஊர் கடல் காற்று எனக்குத் தெரியும்.)
பேட்டரி. கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தால் பேட்டரியின் ஜாதகமே வருகிறது. பிறந்தபோது என்ன பலம், இப்போது என்ன பலம், எல்லாம். அந்த வரியைத் துண்டுச் சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்தேன்.

மாலை அவரோடு பஜாரில் ஒரு கடை. கடல் தாண்டி மெயின்லேண்டிலிருந்து மொத்தமாக வந்த பழைய லே.க்கள். கடைக்காரர் வடக்கத்தியர், நல்ல மனிதராகத்தான் பேசினார். அவருக்கு நான் பாபி, அதாவது அண்ணி; எனக்கு அவர் பையா, அண்ணன். "பாபி, ஏக்தம் புதுசு மாதிரி. கம்பெனி மால். கண்ணை மூடி எடுங்க."

கண்ணைத் திறந்தே பார்த்தேன். நன்றாகத்தான் ஓடியது. சார்ஜர் வயரை மெல்லப் பிடுங்கினேன். பொட்டென்று அணைந்தது.

"அரே பாபி, வயரை ஏன் எடுத்தீங்க?"

"எங்க வீட்ல கரண்ட் போகும் பையா."

அவருக்கே சிரிப்பு. பேட்டரி தனியாகப் போட்டுத் தருகிறேன், நாலாயிரம் ஆகும் என்றார். கும்பிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் என் வீட்டுக்காரர், "வயரப் புடுங்கணும்னு எப்புடி மல்லி தோணுச்சு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஷாதிபூர் ஏற்றத்தில் மூச்சு வாங்கியும் கேட்பதை நிறுத்தவில்லை. எனக்கும் நிறுத்த மனம் இல்லை.

ஆடி 15, வியாழன்

வெயில்! எல்லாத் துணியும் காய்ந்தது. அரிசியை வெயிலில் காட்டினேன், வண்டு இல்லை.

இரண்டாவது லே. விற்பது தாரணியின் தோழிக்குத் தெரிந்த பையன். விளையாட்டுக்கென்றே செய்ததாம், எழுத்துகளுக்கு அடியில் சிவப்பு விளக்கு எரிகிறது, காளி கோயில் மாதிரி. பதினாறாயிரம்தான். தாரணிக்குக் கண் விரிந்துவிட்டது. "அம்மா, இத எடுத்துரலாம்மா. செம டீல்."

வீடு கடலைப் பார்த்தது. பால்கனி மேசையில்தான் எப்போதும் வைப்பானாம். அழகான காற்று. டார்ச் அடித்தேன். யூ.எஸ்.பி. துவாரங்களுக்குள் பச்சை பூத்திருந்தது. பழைய செம்புக் குடத்தில் வருமே, அந்தப் பச்சை. கீழே திருகுகளில் துரு.

"வெளியிலேயே இப்படின்னா உள்ள எப்படி இருக்கும் தம்பி?"

"உள்ள யாரு ஆன்ட்டி பாக்கப் போறா?"

நான்தான். வேறு யார்.

தாரணி வழியெல்லாம் முகத்தைத் தூக்கிக்கொண்டே வந்தாள். இரவு சாப்பிடும்போது, "அம்மா, அந்த டார்ச் ஐடியாவ என் ஃபிரெண்ட்ஸுக்குச் சொல்லவா?" என்றாள். சொல் என்றேன். ரசத்துக்கு உப்பு போட்டோமா என்று சந்தேகம் வந்து இரண்டாம் முறை போட்டுவிட்டேன். எல்லாரும் மோருக்குப் போய்விட்டார்கள்.

ஆடி 16, வெள்ளி

அம்மனுக்குக் கூழ். காலை நாலு மணிக்கே எழுந்தது.

காலனி வாட்ஸ்அப்பில் மாற்றலாகிப் போகிறவர்களின் பட்டியல். இங்கே ஒவ்வொரு வருடமும் இந்த நாட்களில் பாதி ஊர் கட்டில், மிக்ஸி, சைக்கிள் என்று விற்றுவிட்டுக் கப்பல் ஏறும். மீதி ஊர் வாங்கும். எங்கள் வீட்டு பீரோவும் அப்படி வந்ததுதான். இன்றைய பட்டியலில் கடைசி வரி: லேப்டாப், ஆபீஸ் மாடல், பில் உண்டு, 20,000. டெய்ரி ஃபார்ம் பக்கம். பேங்க்கில் வேலை பார்க்கும் விஜயா மேடம், ஈரோட்டுக்காரர், செவ்வாய்க்கிழமை கப்பல்.

மூன்று மணிக்குப் போனேன். தனியாக. அவர் டியூட்டி, தாரணி கல்லூரி.

வீடு முழுக்க அட்டைப் பெட்டி. மேடம் சாக்கு ஊசியும் கையுமாக. லே. எங்கே என்று கேட்டேன். பீரோவைத் திறந்தார். கீழ்த்தட்டில் சின்ன பல்ப் எரிந்துகொண்டிருந்தது. மேல்தட்டில் பட்டுப் புடவைகளுக்கு நடுவே துணிப்பையில் லே.

அப்போதே மனதில் முடிவாகிவிட்டது. இந்த ஊர் ஈரத்துக்குப் பயந்து பீரோவுக்குள் இரவும் பகலும் பல்ப் எரிப்பவர், பொருளையும் அப்படித்தான் வைத்திருப்பார். பீரோவில் பூஞ்சை வாசனை துளியும் இல்லை. ஆனால் முகத்தில் காட்டவில்லை. சீட்டை எடுத்தேன்.

"ஏனுங், சீட்டெல்லாம் கொண்டாந்திருக்கீங்க? நீங்க எந்த ஆபீஸுங்க?"

"வீடுதான் மேடம்."

எல்லா எழுத்தும் அடித்தது. துவாரங்கள் சுத்தம். கீல் ஆடவில்லை. எட்டாம் தலைமுறை, எட்டு ஜிபி. வயரைப் பிடுங்கினேன், அசையாமல் ஓடியது. ஜாதகம் பார்த்தேன், பேட்டரிக்கு இன்னும் முக்கால் பலம். கேமராவில் என் முகம் தெரிந்தது, தலையில் பூ சரிந்திருந்தது, சரிசெய்துகொண்டேன்.

குறை இரண்டு. சார்ஜர் வயரில் டேப் சுற்றியிருந்தது. மூடியில் ஒரு கீறல்.

"பதினேழு மேடம்."

"இருபதுக்கு ஒரு பைசா கொறையாதுங்க. ஒரு சார் பத்தொம்பது சொல்லி வெச்சிருக்காருங்."

"அந்த சார் பத்தொன்பது தரட்டும். உங்களுக்கு செவ்வாய்க்கிழமை கப்பல். திங்கக்கிழமை அவர் பதினைஞ்சுக்கு வருவார். நான் இப்பவே கையில கொண்டு வந்திருக்கேன்."

 மேடம் சாக்கு ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "எங்க பேங்க்கில வந்து லோன் வசூல் பண்ணுங்க, நல்லா வருவீங்." பதினேழாயிரத்து ஐந்நூறு. அதோடு பில் (என் பெயருக்கு விற்றதாக மேடம் அதிலேயே எழுதிக் கையெழுத்து), துணிப்பை, அந்த பீரோ பல்ப்பும் ஹோல்டரும். பல்ப்பை நான் கேட்டேன். முன்பணம் கொடுத்தாயிற்று. தன் கணக்குகளையெல்லாம் அழித்துவிட்டு ஞாயிறு தருவதாகப் பேச்சு.

மீதி ஐந்நூறு. புதுச் சார்ஜர் வயருக்கு.

ஆடி 18, ஞாயிறு

பெருக்கு. எலுமிச்சை, தேங்காய், தயிர்ச் சாதங்கள். பூங்கொடியும் வந்தாள், புளிச்சாதத்தோடு. (புளி அதிகம்.)

லே. வீட்டுக்கு வந்தது. இன்று ஆரம்பித்தது எதுவும் பெருகும் என்று அவரே பூங்கொடியிடம் சொன்னார், ஆடி என்று இனி வாய் திறக்காமலிருக்க.

பூஜை அறையில் பலகை போட்டுக் கோலம் இட்டு, மேலே திறந்து வைத்தேன். மூடியின் பின்னால் விபூதிப் பட்டை. திரைக்கு மேல் விளிம்பில், நட்டநடுவில், நெற்றி மாதிரி இருக்கும் இடத்தில் சந்தனம் குழைத்து வைத்து, அதன்மேல் குங்குமம். முகம் வந்துவிட்டது அதற்கு. கற்பூரம் காட்டும்போது கண் நிறைந்தது, ஏனென்று தெரியவில்லை. என் பெயரில் பில் போட்டு வாங்கிய முதல் பொருள் தையல் மிஷின். இது இரண்டாவது.

அவர்: "நாலு பக்கமும் எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கிருவோமா? வண்டி மாதிரி?"

"நசுக்குங்க. உங்க தலையில."

பீரோவில் கீழ்த்தட்டில் பல்ப் மாட்டியாயிற்று. மேல்தட்டில் லே.க்கு இடம். அவருடைய கல்யாணச் சட்டை இடம் மாறியது. எப்படியும் அது இனி அவருக்கு ஏறாது.

பொட்டை அழிக்கவில்லை. இருக்கட்டும்.

ஆடி 21, புதன்

இதை நிதானமாக எழுத முயல்கிறேன்.

பதினொரு மணிக்கு ஆடிட்டரம்மாவுடன் வீடியோ. சென்னையிலிருந்து. பத்தரைக்கே குளித்துப் புடவை மாற்றி, முருகன் முன் நின்றுவிட்டு உட்கார்ந்தேன். தாரணி பக்கத்து அறையில்.

குரல் கேட்டது. அவர்கள் முகம் தெரிந்தது, கண்ணாடி போட்ட, கறாரான முகம். "மல்லிகா, நான் தெரியறேனா? நீங்க தெரியலையே. ஒரே இருட்டா இருக்கு."

கேமரா ஆன் என்றுதான் காட்டுகிறது. அணைத்துப் போட்டேன். மறுபடி இருட்டு. ஜன்னலைத் திறந்தேன், இருட்டு.

"சரி, கணக்கைப் பார்ப்போம். உங்க திரையைக் காட்டுங்க." பில்கள் அனுப்பினார்கள், பதியச் சொன்னார்கள். பதிந்தேன். ஓரிடத்தில் பில் எண்ணைத் தொகைக் கட்டத்தில் அடித்துவிட்டேன். கூட்டுத்தொகை ஆகாயத்துக்குப் போனது. நானே கண்டு மாற்றினேன். சென்னையிலிருந்து சரக்கு வந்தால் என்ன வரி, இங்கே கடையில் விற்றால் என்ன வரி என்று கேட்டார்கள். "இங்க மாநில வரி இல்லைம்மா, யூனியன் பிரதேச வரி. மத்திய வரி பாதி, இது பாதி." பிறகு பேங்க் கணக்கோடு கடைக் கணக்கை ஒத்துப் பார்க்கச் சொன்னார்கள். ஒத்துவந்தது.

 ஆடிட்டரம்மா மெதுவாக, "பக்கத்துல யாராவது சொல்லித் தர்றாங்களா?"

"இல்லைங்கம்மா."

"காலேஜ் படிக்கிற பொண்ணு இருக்குன்னு அண்ணாச்சி சொன்னார். தப்பா நினைக்காதீங்க. யார் கை கணக்கு எழுதுதுன்னு எனக்குத் தெரியணும். வெள்ளிக்கிழமை முகத்தோட வாங்க. அப்ப முடிவு சொல்றேன்."

 தாரணி ஓடிவந்து, "நான் இந்தப் பக்கமே வரலியேம்மா!" என்று அழுதாள். அவள்மேல்தான் என் கோபம் முழுவதும் விழுந்தது, பாவம். அவளைச் சொல்லி என்ன.

பூங்கொடிக்கு எப்படித்தான் தெரிந்ததோ. "பளசு வாங்குனா இப்புடித்தான் மதினி. ஊரவிட்டுப் போறவுக தலையில கட்டிட்டுப் போவாக."

அந்தப் பேச்சு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. விஜயா மேடத்துக்குச் செய்தி அடித்தேன். "நீங்கள் கொடுத்த லே. கேமரா மூன்றே நாளில் போய்விட்டது. பீரோவில் பல்ப் எரிப்பவர் என்று நம்பினேன்." இன்னும் இரண்டு வரி, இங்கே எழுதக் கூசுகிறது. அனுப்பிவிட்டேன். ஒற்றை டிக்.

அவர் வந்து பார்த்து, "நேத்து கப்பல்ல ஏறிட்டாங்கள்ல? நடுக்கடல்ல டவர் ஏது? வெள்ளிக்கிழமை கரை சேந்தாத்தான் பாப்பாங்க" என்றார். ஹார்பர் ஆளுக்குத் தெரியாதா.

சோறு குழைந்துவிட்டது. பூனைக்கே பிடிக்கவில்லை.

ஆடி 22, வியாழன்

மழை. அவர் காலையில், அந்த பஜார் கடையிலேயே கொண்டுபோய்க் காட்டலாம் என்றார். வயரைப் பிடுங்கிய கடைக்கா? கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.

என் சீட்டை எடுத்து முதலிலிருந்து ஆரம்பித்தேன். வாங்காத பொருளைப் பார்ப்பதுபோலப் பார்க்க வேண்டும் என்று உறுதி. எழுத்துகள், சரி. கீல், சரி. கேமராவுக்கு வந்ததும் டார்ச்சை எடுத்து அதன் கண்ணுக்கு நேராக அடித்தேன்.

கண்ணைக் காணோம்.

சந்தனம். காய்ந்து, கெட்டித்து, மேலே குங்குமம். நெற்றி என்று நான் நினைத்த இடம்.

 வெள்ளிக்கிழமை அதே கேமராவில் முகம் பார்த்துப் பூவைச் சரிசெய்தவள். ஞாயிறு அதன் கண்ணிலேயே பொட்டு வைத்திருக்கிறேன். ஈரத் துணியால் துடைத்தேன். முதலில் மஞ்சள் மூட்டம், பிறகு என் மூக்கு, பிறகு நான்.

தாரணியைக் கூப்பிட்டேன். பார்த்தாள். தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "அம்மா, அது நெத்தி இல்லம்மா, கண்ணு!" அவருக்குப் போன் போட்டும் சொன்னாள். அங்கே கிரேன் அறையில் நாலு பேர் சிரிப்பது இங்கே கேட்டது. நானும் சிரித்தேன். பொருள் நல்ல பொருள். என் தேர்வில் பிழை இல்லை. பக்தியில்தான் கொஞ்சம் இடம் தவறிவிட்டது.

அடுத்த வேலை, மேடத்துக்கு அனுப்பியது. இன்னும் ஒற்றை டிக். அழித்தேன். கடலில் டவர் இல்லாததற்கு இதுவரை எத்தனை முறை சலித்துக்கொண்டிருக்கிறேன். இன்று முருகனுக்கு ஒரு விளக்கு அதிகம். அதே இடத்தில் வேறு செய்தி: "லேப்டாப் மிக நன்றாக இருக்கிறது. பத்திரமாகப் போய்ச் சேருங்கள்."

புதுப் பொட்டு மூடியின் பின்பக்கம், விபூதிப் பட்டைக்கு நடுவில். அங்கே கண் எதுவும் இல்லை, பார்த்துவிட்டேன்.

ஆடி 23, வெள்ளி

வரலட்சுமி நோன்பு. கொழுக்கட்டை, இரண்டு வகை. பத்து மணிக்கெல்லாம் முடித்துவிட்டுத் தாரணியைக் கல்லூரிக்கு அனுப்பினேன். வீட்டில் நானும் பூனையும்.

பதினொன்று. ஆடிட்டரம்மா நிமிர்ந்து பார்த்தார்கள். "ஓ, இவங்கதான் மல்லிகாவா. கேமராவுக்கு என்ன ஆச்சு?"

பொய் சொல்லலாம். நோன்பும் அதுவுமாக வாய் வரவில்லை. உள்ளதைச் சொன்னேன். கறாரான அந்த முகம் அப்படியே இருந்தது, இருந்தது, பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்கள். "எங்க ஆபீஸ்ல ஆயுத பூஜைக்கு ஒருத்தர் பிரிண்டருக்குள்ள பூவைப் போட்டுட்டார். ஒரு வாரம் எல்லா பேப்பர்லயும் மஞ்சள் கோடு. உங்களது தேவலை."

அப்புறம் வேலை. புதுப் பில்கள். வேகமாகக் கேட்டார்கள், நான் வேகமாக இல்லை. ஆனால் நின்று நின்று, சரியாக. தொகைக் கட்டத்தில் இன்று தொகைதான். என் கையையும் காட்டச் சொல்லிப் பார்த்தார்கள்.

"யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

"சோறு வேகும்போதும்மா."

கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. ஆனால் அதுதான் வாயில் வந்தது. அவர்கள் எழுதிக்கொண்டார்கள். "நான் அண்ணாச்சிகிட்ட சொல்றேன். அவர் உங்களுக்குச் சொல்லுவார்."

மாலை மேடத்திடமிருந்து செய்தி. கரை சேர்ந்துவிட்டார்களாம். "நன்றிங்க. ஆமா, மேல என்னமோ அழிச்சிருக்கீங்களே, என்னங்க அது?" கை தவறிவிட்டது என்று போட்டேன். நோன்பு அதற்குள் முடிந்துவிட்டது.

ஆடி 25, ஞாயிறு

அண்ணாச்சி இன்று கோயிலுக்கு வரவில்லை. பூங்கொடி சொன்னாள்: "அண்ணாச்சியோட தங்கச்சி மகன் ஊர்ல இருந்து வந்திருக்காகளாம். பி.காமாம்." கொழுக்கட்டை மிச்சத்தைத் தின்றுகொண்டே சொன்னாள். பிறகு அவளே, கையைக் கழுவிவிட்டு, "மதினி, என் மகளிர் குழுக் கணக்க அதுல ஏத்தித் தருவீகளா? எனக்கு ஒத்தே வரமாட்டேங்குது" என்றாள்.

தந்தேன். ஒத்துவந்தது. "அச்சா!" என்று வாயைப் பிளந்தாள். காசு வாங்கவில்லை. தேங்காய் இரண்டு திரும்பி வந்தது.

பி.காம். இருக்கட்டும்.

ஆடி 27, செவ்வாய்

தூறல். காஸ் மாற்றியது. புதுச் சார்ஜர் வயர் வந்தது, நானூற்று எண்பது. மீதி இருபது உண்டியலில்.

அண்ணாச்சியிடமிருந்து நேற்றும் இல்லை, இன்றும் இல்லை. அவர், "நான் வேணா கடைப்பக்கம் போய்ப் பேச்சுவாக்குல கேட்டுட்டு வரட்டுமா?" என்றார். வேண்டாம். கேட்டது என்னிடம், சரி சொன்னது நான். பதிலும் எனக்குத்தான் வர வேண்டும்.

லே.யில் இருந்தே செய்தி அடித்தேன். பத்து விரலாலும். அனுப்பியது அப்படியே:

"அண்ணாச்சி, வணக்கம். லேப்டாப் வாங்கிவிட்டேன், பில் என் பெயரில் இருக்கிறது. ஆடிட்டரம்மா என் முகத்தையும் கையையும் பார்த்துவிட்டார்கள். ஆவணி ஒன்றாம் தேதி காலை சமையலை முடித்துவிட்டுத் தயாராக இருப்பேன். வேலை எனக்கா இல்லையா, சீக்கிரம் பதில் சொல்லுங்கள். மல்லிகா."